சலவை வரிசை

எந்த இடம் என்றார் மருந்துக் கடைக்காரர்.
இடுப்புக்குக் கீழே என்றேன்.
முட்டியா?
அதற்கு மேலே.
எனக்குப் பின்னால் இருமல் மருந்துக்கு
ஒரு பெண்மணி நின்றிருந்தார்.
வெளியே ஜுபைலில் நாற்பத்தேழு டிகிரி.
உள்ளே ஏசி.
நான் வியர்த்தது உள்ளேதான்.

களிம்புக்கு மூன்று நாள் அடங்கியது.
நாலாம் நாள்
வட்டிக்காரன் மாதிரி
தட்டாமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் ஸ்டோர் கிளார்க்.
போல்ட்டும் நட்டும் எண்ணி எழுதுகிறவன்,
வெயில் படாத வேலை.
பவுடர் மாற்றினேன். சோப்பு மாற்றினேன்.
பருத்தி ஜட்டி, பிறகு ஒரு வாரம்
அதுவும் இல்லாமல்.
இறாலை விட்டேன், கத்தரிக்காயை விட்டேன்.
அது என்னை விடவில்லை.
மேசைக்கு மேலே ஒரு கை கணக்கு எழுதும்,
மேசைக்கடியில் ஒரு கை
சூப்பர்வைசர் திரும்பும் நேரம் பார்க்கும்.

கிளினிக்கில் சூடான் நாட்டு டாக்டர்.
கண்ணியமானவர். கதவைச் சாத்தினார்,
திரையை இழுத்தார், குரலைத் தாழ்த்தினார்:
வெளியே எங்காவது போவதுண்டா?
இல்லை என்றேன்.
இல்லை என்று சொல்லச் சொல்ல
இல்லாத ஒன்றை ஒளிப்பவன் முகம்
எனக்கு வந்துவிட்டது.
ரத்தத்தில் ஒன்றுமில்லை. சர்க்கரை இல்லை.
தோலைச் சுரண்டிப் பார்த்தார்கள், பூஞ்சையும் இல்லை.
காகிதங்கள் எல்லாம் என்னை நல்லவன் என்றன.
தோல் மட்டும் நம்பவில்லை.

வீடியோ காலில் ஃபெலிஸ்டா கேட்டாள்,
ஏன் நெளிஞ்சுக்கிட்டே இருக்கீங்க?
நாற்காலி சரியில்லை.
கட்டில்லதானே உட்கார்ந்திருக்கீங்க.
சொல்லிவிட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
டாக்டர் கேட்டதையே கேட்பாள் என்று
பதிலைத் தயாராய் வைத்திருந்தேன்.
அவள் கேட்டது:
துணியை யாரு துவைக்கிறா?
மிஷின்.
மிஷினை யாரு துவைக்கிறா?

எட்டுப் பேருக்கு ஒரு மிஷின்.
கதவில் ஒட்டியிருக்கும் சலவை வரிசை
நானே தட்டச்சு செய்தது.
வியாழன் இரவு சன்னாசி.
வெள்ளி காலை நான்.
சன்னாசி இன்சுலேஷன் ஹெல்பர்,
நீராவிக் குழாய்களுக்கு
கண்ணாடிப் பஞ்சு சுற்றுகிறவன்.

இரவு ஒரு மணி. விளக்கை அணைத்து
போன் டார்ச்சை டிரம்முக்குள் அடித்தேன்.
காலி டிரம் மினுங்கிற்று.
ஒவ்வொரு துளையின் விளிம்பிலும்
முடியைவிட மெல்லிசாய், ஊசி ஊசியாய்.
என் ஜட்டியைப் புரட்டி வெளிச்சம் காட்டினேன்.
என் கல்யாண வேட்டியில்கூட
இவ்வளவு சரிகை இருந்ததில்லை.

சண்டைக்கான வாக்கியங்களோடு
அறைக்குள் போனேன்.
மேல்கட்டிலில் சன்னாசி
சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.
அவன் கை மட்டும் விழித்திருந்தது.
நெடுநேரம், அவசரமில்லாமல்,
பழகிய இடத்தில் அது வேலை செய்தது.
வாக்கியங்களை விழுங்கிப் படுத்தேன்.

காலையில் கேட்டேன், உனக்கு அரிக்காதா?
அரிக்குமே. ஒம்பது வருசமா.
டாக்டர்கிட்டப் போகலையா?
எதுக்குண்ணே? அது நோயா?
வேலைதானே.

பழைய துணியைக் குப்பையில் போட்டேன்.
இனி தனி வாளி, தனிச் சோப்பு.
பத்து நாளில் உடம்பு
எனக்கே திரும்பி வந்தது.

கவராலைத் தனியாக வெளுக்க
இன்னொரு மிஷின் கேட்டு மனு எழுதினேன்.
பாதிக்கப்பட்ட இடம் என்ற கட்டத்தில்
பேனா இப்போதும் கூசி நின்றது.
தோல் என்று எழுதி நகர்ந்தேன்.
எத்தனை பேர் என்ற கட்டத்தில்
சன்னாசியின் எண், என் எண்.
மெஸ்ஸில் சும்மா ஒரு சுற்று விட்டேன்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
சாப்பிட்டு முடிப்பதற்குள்
ஏழு எண்கள் சேர்ந்திருந்தன.

எங்கள் அறையின் எட்டாவது ஆள்
தனக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்கிறார்,
ஒரு கையால் ரொட்டியைப் பிய்த்தபடி,
இன்னொரு கை
மேசைக்கடியில்.